அடுப்புக்கு மேலே மேஜோடு

முறுக்குக்கு மாவு பிசைந்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் ஆரோக்கியம்மாளின் கண்ணில் அது பட்டது. அடுப்புக்கு மேலே, விதைச்சோளக் கதிர்களைப் புகை படும்படி கட்டித் தொங்கவிடும் மூங்கிலில், அவள் கணவனின் மேஜோடு இரண்டும் தொங்கின. பட்டாளத்தில் பூட்சுக்குள் போடக் கொடுத்த காக்கிக் கம்பளிக் காலுறை. அந்தரத்தில் மரியசெல்வத்தின் கால்கள் மட்டும் நிற்பது போலிருந்தது.

"சலேத்து! யாரைக் கேட்டுடி இதைப் பெட்டியில இருந்து எடுத்தே?"

திருச்சி மடத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து கிறிஸ்மஸ் லீவுக்கு வந்திருந்த மகள் பயப்படவே இல்லை.

"மதர் சொன்னாங்கம்மா. வெள்ளைக்காரங்க வீட்டுக்குள்ள குளிர் காயிறதுக்குன்னு நெருப்பு மாடம் இருக்குமாம். திருநாளுக்கு மொத நா அதுல மேஜோடு தொங்கவிடுவாங்களாம். நம்ம வீட்டுல மாடத்துக்கு எங்க போறது? நெருப்பு இங்கிட்டுத்தானே எரியுது."

"எண்ணெ தெறிக்கும். எடு."

"விடியிற வரைக்கும் எடுக்கக் கூடாதும்மா."

எட்டி அவளே எடுத்திருக்கலாம். கை போகவில்லை. சிங்கப்பூர் விழுந்ததிலிருந்து அவள் அந்தத் தகரப் பெட்டியைத் திறந்ததில்லை. கணவனோடு பட்டாளத்துக்குப் போன ராக்கன் ஜப்பான்காரன் பிடியில் இருப்பதாக அவன் வீட்டுக்குத் தபால் அட்டை வந்துவிட்டது. லாரி ஓட்டப் போன மரியசெல்வத்தைப் பற்றி இருக்கிறான் என்றும் ஒருவரும் சொல்லவில்லை, இல்லை என்றும் ஒருவரும் சொல்லவில்லை. அவள் வாணலியை ஏற்றினாள். முந்திரி விறகு படபடவென்று வெடித்தது.

வாசலில் செருமல் கேட்டது. கணவனின் அண்ணன் இன்னாசி. வழக்கம்போல் சமையல்கட்டு நிலைப்படிக்கு அப்பாலேயே நின்றார்.

"ஆரோக்கியம், ஆலங்குடியில இருந்து சாமியார் வந்து எறங்கிட்டாரு. புதுவருசம் வரைக்கும் நம்ம கோயில்லதான் தங்குறாரு."

"வாங்க மச்சான். உக்காருங்க."

"உக்கார நேரமில்ல. கோயில் உபதேசியாருகிட்ட இன்னிக்கே பேரு குடுக்கணும். சாமியார் கெளம்புறதுக்கு முந்தி தம்பிக்கு ஒரு பூசை வச்சிரணும். போன கல்லறைத் திருநாளும் இப்படியே போச்சு. அவன் எந்தக் காட்டுல கெடக்கானோ, ஒரு செபம் இல்ல, ஒரு மெழுகுதிரி இல்ல. எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது."

அவர் குரல் உடைந்தது. நடிப்பில்லை. அதுதான் ஆரோக்கியம்மாளுக்குக் கஷ்டமாக இருந்தது. சண்டைக்காரராக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பாள்.

"ஒடம்பு இல்லையே மச்சான்."

"அதுக்குத்தான் வெறும் பெட்டி வைக்கிறது. அவன் உடுத்துன துணி ஒண்ணு உள்ள வச்சு மந்திரிச்சு அடக்கம் பண்ணுவாங்க. ஒரு சட்டை குடு, போதும்."

பெட்டிக்குப் பின்னால் வருவது என்னவென்று அவளுக்குத் தெரியும். பெண்கள் சூழ்ந்து உட்கார்ந்து கழுத்துத் தாலியைக் கழற்றுவார்கள்.

"சட்டையெல்லாம் புள்ளைக்குக் கிழிச்சுத் தச்சாச்சு. ஒண்ணும் இல்ல."

அவர் கண் மேலே போனது. "அது அவன் மேஜோடுதானே?"

அவள் மாவை எண்ணெயில் பிழிந்தாள். முறுக்கு கோணிக்கொண்டு விழுந்தது. கொடுத்துவிட்டால்தான் என்ன? அந்த நினைப்பு ஒன்றும் புதிதில்லை. நாய் குரைக்கும் ராத்திரிகளில் எழுந்து உட்காரும்போதெல்லாம் அது பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஒரு தரம் வாய்விட்டு அழுது தீர்த்துவிடலாம். பிறகு தூங்கலாம். தன் மனசே தனக்குத் தெரியாமல் அந்தத் தூக்கத்துக்கு ஏங்குகிறதோ என்று பயந்துதான் அவள் பெட்டியைத் திறக்காமல் இருந்தாள்.

இன்னாசி நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தார். ஒருநாளும் வராதவர். கொதிக்கும் எண்ணெய்க்கு மேலாகக் கையை நீட்டினார்.

"தொடாதீங்க பெரியப்பா!" சலேத்து அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். "அதை எடுத்தா அப்பா எப்படி வருவாரு?"

"யாரு வருவா?"

"அப்பாதான். மேஜோடு யாருதோ அவுங்க ராத்திரி வருவாங்க. மதர் படம் காட்டுனாங்க. வெளிய பனியில காலு குளிரும்ல? நெருப்புக்கிட்ட சூடா இருக்கிறத மாட்டிக்க வருவாங்க. விடிஞ்சு பாத்தா வந்திருப்பாங்க."

ஆரோக்கியம்மாளுக்கு நாளைய விடியல் தெரிந்தது. ஓடி வந்து அடுப்பைப் பார்க்கும் பிள்ளையின் முகமும் தெரிந்தது.

இன்னாசி மெதுவாகச் சொன்னார்: "கேட்டியா? காலையில இவளுக்கு என்ன பதில் சொல்லுவே? ஒன்னய நான் நோகடிக்க வரலம்மா. எனக்கு ஒண்ணு போதும். இன்னொண்ணப் புள்ள வச்சுக்கிறட்டும்."

எவ்வளவு நியாயமான பேச்சு! எழுந்து மூங்கிலிலிருந்து ஒன்றை உருவினாள்.

கையில் அது வெதுவெதுவென்று இருந்தது. இப்போதுதான் காலிலிருந்து கழற்றிப் போட்டது போல. வந்துவிட்டான் என்று உடம்பு முழுவதும் ஒரு துள்ளல் துள்ளி, அடுத்த நொடியே அடங்கியது. அடுப்புச் சூடு. வேறென்ன? பிள்ளையும் இந்தச் சூட்டைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறது. மச்சானோ அந்தக் கால் சில்லிட்டுப் போய்விட்டது என்று நம்புகிறார். இருவரும் எதையோ தெரிந்துகொண்டவர்களாக இருக்கிறார்கள். எனக்கு மட்டும் தெரியவில்லை. தெரியாது என்பதைத் தவிர என்னிடம் எதுவுமில்லை. அதையும் ஏன் நான் பறிகொடுக்க வேண்டும்?

அவள் கண்கரண்டியால் முறுக்கை அள்ளினாள். எண்ணெய் சரியாக வடியக்கூட விடவில்லை. சூட்டோடு சூடாக மேஜோட்டுக்குள் போட்டாள். கம்பளியில் எண்ணெய் கறுப்பாகப் படர்ந்து இறங்கியது. இன்னொன்றையும் இழுத்து அதிலும் நிரப்பினாள். விரல் சுட்டது.

"அம்மா!"

"இது இதுக்குத்தான் சலேத்து. வெள்ளைக்காரன் வீட்டுலயும் ராத்திரி யாரும் வந்து மாட்டிக்கிட்டுப் போறதில்ல. புள்ளைங்களுக்குப் பண்டம் போட்டு வைப்பாங்க. தாய் தகப்பன்தான் போடுவாங்க. அப்பா நாளைக்கு வர மாட்டாரு."

"அப்ப எப்ப வருவாரு?"

"தெரியாது."

"வருவாருல்ல?"

"அதுவும் தெரியாதுடா."

சலேத்துவின் உதடு கோணியது. அழவில்லை. தாயை வெறித்துப் பார்த்தாள்.

இன்னாசியின் முகம் சிவந்திருந்தது. "பண்டம் போட்டு எண்ணெயாக்கிட்டே. இதை இனி எப்படிப் பெட்டியில வைக்கிறது?"

"வைக்க வேணாம் மச்சான். பூசைக்குப் பேரு குடுங்க. உசுரோட இருக்கிறவங்களுக்கும் பூசை வைக்கிறாங்கல்ல? மரியசெல்வத்துக்காகன்னு மட்டும் சொல்லச் சொல்லுங்க. எங்க இருந்தாலும் போய்ச் சேரட்டும். பெட்டி மட்டும் வேணாம்."

"ஊரு என்ன சொல்லும் தெரியுமா?"

"சொல்லட்டும்."

அவர் நிலைப்படியைத் தாண்டி வெளியே வந்தார். "பேரு மட்டும் குடுத்துட்டு வாரேன்" என்றார். யாரையும் பார்க்காமல் இறங்கிப் போனார்.

சலேத்து கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய் முதுகைக் காட்டி நின்றாள். ஆரோக்கியம்மாள் மேஜோட்டிலிருந்து ஒரு முறுக்கை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய் நீட்டினாள்.

"இந்தா."

"எனக்கு வேணாம்."

அந்தக் குரல் ஒன்பது வயதுப் பிள்ளையின் குரலாக இல்லை. நான் செய்தது சரிதானா என்று கேட்டுக்கொள்ள ஆரோக்கியம்மாளுக்குத் தைரியம் வரவில்லை. உள்ளே எண்ணெய் காய்ந்து புகைந்துகொண்டிருந்தது. திரும்பிப் போய் விறகை வெளியே இழுத்தாள்.