பென் டிரைவில் நாலு பேர்

பென் டிரைவைச் சொருகியதும், ஃபார்மட் செய்யட்டுமா என்று திரை கேட்டது. நர்கீஸின் விரல் ‘சரி’ வரைக்கும் போய் நின்றுவிட்டது. மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள்தான்; ஆனால் அதை அமுக்கினால் எல்லாம் போய்விடும் என்கிற அளவுக்குத் தெரியும்.

பாம்பே குரூப் என்ற அரிய வகை ரத்தம் உள்ள நாலு பேரை ஏழு வருஷமாக அங்கங்கே கேட்டு விசாரித்து அதில்தான் எழுதி வைத்திருந்தாள். வேறு நகல் இல்லை. ஃபோனில் ஏற்றணும் ஏற்றணும் என்றே நாள் ஓடிவிட்டது.

அன்று காலைதான் ஆஸ்பத்திரியிலிருந்து அந்தப் பட்டியலைக் கேட்டுக் கூப்பிட்டிருந்தார்கள். பிரசவத்துக்கு வந்திருக்கும் அகரத்துப் பெண் பானுப்ரியாவுக்கு அதே ரத்தம். சாயங்காலத்துக்குள் ஆபரேஷன். மதுரையிலும் இருப்பு இல்லை.

பஸ் ஸ்டாண்டு பக்கம் சர்வீஸ் கடை வைத்திருக்கும் மொக்கைச்சாமியிடம் ஓடினாள்.

“வேற எதையும் அமுக்கலயேம்மா?”

“இல்லண்ணே.”

“மொதல்ல அப்படியே ஒரு காப்பி எடுத்துக்கிறேன். அதுலதான் தேடணும். இதுல கை வச்சா மிச்சமும் போயிரும்.”

முக்கால் மணி நேரமாயிற்று. நடுவில் நகல் எடுப்பது ஒரே இடத்தில் நின்றுவிட்டது. அந்நேரம் பார்த்து பானுப்ரியாவின் புருஷன் அழகுராஜா கூப்பிட்டான்.

“அக்கா, ஆள் கெடச்சாச்சா? டாக்டரு திரும்பத் திரும்பக் கேக்குறாரு.”

“கூப்பிட்டுக்கிட்டிருக்கேன் தம்பி” என்று பொய் சொன்னாள்.

“ஃபைல் பேரெல்லாம் அழிஞ்சுபோச்சு” என்றார் மொக்கைச்சாமி. “உள்ள எழுதுன வார்த்தை ஏதாச்சும் சொல்லும்மா.”

பாம்பே என்றாள். இல்லை. பயத்தில் ஒரு பெயரும் நினைவுக்கு வரவில்லை. கடைசியில் நிலக்கோட்டை என்றாள். ஒரே ஒரு வரி வந்தது: கண்ணன், நிலக்கோட்டை, பூ வேன், 94. ஃபோன் நம்பரில் முதல் இரண்டு எண்தான்; அதற்கப்புறம் வெறும் கிறுக்கல்.

ஆட்டோ பிடித்து நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டில் இறங்கினாள். வேன் ஓட்டும் கண்ணன்கள் மூன்று பேர் என்றார்கள். முதல் ஆள் கையை விரித்தான். இரண்டாமவன் லோடு ஏற்றிக் கோயம்புத்தூர் போயிருந்தான். அவன்தான் அந்த ஆள் என்றால்? மூன்றாமவன் வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். அவனிடமும் கேட்டாள்.

“பாம்பே ரத்தமா? எனக்குத்தான்” என்று வாளியைக் கீழே வைத்தான். “ஏறுங்க, போவோம்.”

ஆஸ்பத்திரியில் கண்ணன் ரத்தம் கொடுத்தான். ஆறரை மணிக்கு அழகுராஜா ஆபரேஷன் அறைப் பக்கமிருந்து ஓடி வந்தான். “பொம்பளப் புள்ளக்கா. ரெண்டு பேரும் நல்லாருக்காக.”

நர்கீஸ் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணனின் நம்பரை ஃபோனிலும், கைப்பையிலிருந்த மருந்துச் சீட்டின் பின்னாலும் எழுதினாள். மற்ற மூன்று பேரின் ஊர்கள் மங்கலாக நினைவுக்கு வந்தன. பெயர் ஒன்றுகூட வரவில்லை. அடுத்த அழைப்பு எப்போது வருமோ என்று நினைத்தபடியே, அந்த நகலில் இன்னும் தேடச் சொல்ல மொக்கைச்சாமியைக் கூப்பிட்டாள்.