கையெழுத்துப் போட்ட இலை

ஆம்பூரில் கிறிஸ்டினா வீட்டு மீன்தொட்டிச் செடிகள், அவள் வேலை பார்க்கும் தோல் ஃபேக்டரியில் அன்றைக்கு என்ன நிறம் ஓடியதோ அதே நிறத்துக்குச் சாயங்காலத்துக்குள் மாறிவிடும். திங்கட்கிழமை கறுப்பு, செவ்வாய்க்கிழமை காபிப்பொடி நிறம், அவசர ஆர்டர் வந்த ஒரு வாரம் முழுக்க ஒயின் சிவப்பு. இரண்டு மூன்று நிறம் மாறிய செடி அதற்குமேல் தாங்காமல் கூழாகிவிடும். தெருக்காரர்கள் யாரும் அதிசயப்படவில்லை. இன்றைக்கு எந்த ஆர்டர் என்று தெரிந்துகொள்ள ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

கிறிஸ்டினாவுக்குத்தான் செத்த செடிகளை அள்ளிக் கொட்டி அலுத்துவிட்டது. அவள் புருஷன் புகழேந்தி, ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிறவன், ஓசூருக்குக் குடிபோகலாம் என்று இரண்டு வருஷமாக நச்சரித்துக்கொண்டிருந்தான். அப்பா கட்டிய வீட்டை விட்டுப் போவதை நினைத்தாலே அவளுக்குச் சோறு இறங்காது. கடைசியில் ஒரு பந்தயத்துக்கு வந்தார்கள்.

"நம்ம போர்வெல் தண்ணியில ஒரே ஒரு செடி கிறிஸ்துமஸ் வரைக்கும் பச்சையா நிக்கட்டும், அப்புறம் நான் வாயத் தொறக்க மாட்டேன். இல்லன்னா ஓசூருதான்" என்றான்.

பஜாரில் கலர் மீன் கடை வைத்திருக்கும் நிசார் அஹமதுவுக்கே அவளைப் பார்த்துப் பாவமாகிவிட்டது. "பிளாஸ்டிக் செடி வாங்கினு போம்மா, பேஜாரே இல்ல" என்றார்.

"வேர் இருக்கறதா குடுங்க பாய்" என்றாள் அவள்.

அவள் செய்யாதது எதுவுமில்லை. தொட்டி விளக்கை எட்டு மணி நேரத்துக்குமேல் எரியவிடவில்லை. வாரத்துக்குக் கால்வாசித் தண்ணீர் மட்டும் மாற்றினாள். கிழங்குள்ள செடியை மணலில் புதைத்தால் அழுகும் என்று ஷூ தைக்கும் நூலால் கல்லில் கட்டினாள். வேரடியில் உர மாத்திரை வைத்தாள், அழுகிய இலையை உடனே கத்தரித்தாள். வேர் நன்றாகவே பிடித்தது, நிறம் மட்டும் ஃபேக்டரி பின்னாலேயே ஓடியது. டிசம்பர் பிறந்ததும் புகழேந்தி பாத்திரங்களை மூட்டை கட்ட ஆரம்பித்தான்.

ஃபேக்டரியில் அவள் வேலை, தோலின் நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. ஆர்டர் கொடுத்தவன் கையெழுத்துப் போட்டு அனுப்பிய சாம்பிள் துண்டு பக்கத்தில் இல்லாமல் ஒரு தோலைக்கூட அவள் பாஸ் செய்ததில்லை. சாம்பிள் இல்லாமல் சாயம் ஏற்றிய லாட், அதாவது தோல் கட்டு, கண்டபடிதான் வரும் என்று பதினொரு வருஷமாக ஊருக்கெல்லாம் சொன்னவள், சொந்தத் தொட்டிக்கு ஒரு சாம்பிள் வைக்க மறந்துபோனாள், பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறி, ஃபேக்டரி எதுவும் இல்லாத அமிர்திக் காட்டுக்குப் போனாள். ஓடையில் மிதந்துவந்த ஒரு பச்சை இலையை எடுத்துவந்து, பின்பக்கம் தேதி எழுதி, கையெழுத்துப் போட்டு, தொட்டிக் கண்ணாடியில் ஒட்டினாள். கையெழுத்துப் போட்ட சாம்பிள் நிறம் மாறக்கூடாது என்பது தொழில் விதி. அதனால் அந்த இலை வாடவில்லை.

மறுநாள் ஃபேக்டரியில் கறுப்பு ஓடியது, தொட்டி பச்சையாக இருந்தது. அதற்கடுத்த நாள் ஒயின் சிவப்பு, அன்றும் பச்சைதான். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், அவள் பாஸ் செய்து அனுப்பிய பிரவுன் லாட் புகழேந்தியின் மேஜைக்கு வந்தது. கட்டைப் பிரித்தால் அத்தனையும் இலைப்பச்சை. சூப்பர்வைசர் சாம்பிளை எடுத்துவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சாம்பிளும் பச்சையாக இருந்தது.

"கரெக்டாதான் கீது, வெட்டு" என்றார்.

சாயங்காலம்வரை வெட்டிவிட்டு வீட்டுக்கு வந்த புகழேந்தி, மூட்டையை அவிழ்த்துப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக அலமாரியில் அடுக்கினான்.

"இன்னா, ஓசூரு?" என்று கேட்டாள் கிறிஸ்டினா.

"இன்னைக்கு தண்ணி மாத்தற நாளாச்சே" என்றான் அவன். "பக்கெட்டு எங்க?"