மெக்கஸ்லினின் வியர்வை

மாவீரர்களின் வியர்வை அழிவதில்லை, அது தலைமுறைகளைத் தாண்டி நிற்கும் என்பது மெர்ல் ஸ்டக்கியின் அசையாத நம்பிக்கை. நிற்கத்தான் செய்தது. மழை நாளில் நிலவறைக் கதவைத் திறந்தால் நனைந்த நாயின் வாடை சமையலறைவரை ஏறி வரும்.

அந்த வாடைக்கு நடுவில்தான் அன்று காலை லவோன் தன் கணவரை ஒருக்களித்துப் புரட்டி, அடியில் ஈரமாகியிருந்த விரிப்பை உருவிக்கொண்டிருந்தாள். மாடியில் ஜன்னலோரம் மேப்பிள் மரத்தைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாகப் போகலாமே என்று நர்ஸ் சொல்லிப் பார்த்திருந்தாள். மெர்ல் மசியவில்லை. போகிற உயிர் ராய் மெக்கஸ்லினின் சட்டைக்கு எதிரில்தான் போகவேண்டும் என்றுவிட்டார். ஆகவே ஆஸ்பத்திரிக் கட்டில் நிலவறைக்கு இறங்கியது.

ஒஹாயோவின் இந்தப் பக்கத்தில் மெக்கஸ்லின் யார் என்று கேட்பவன் ஒன்று கைக்குழந்தையாக இருக்கவேண்டும், இல்லை பரம எதிரியான பக்கத்து மாநிலத்து மிஷிகன்காரனாக இருக்கவேண்டும். அமெரிக்கக் கால்பந்தில் ஏரிக்கரை அணியின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர். இன்றும் ‘சேற்று ஆட்டம்’ என்று பெயர் சொல்லப்படுகிற இறுதிப் போட்டியில் கடைசிப் பந்தை எறிந்து கோப்பையை வாங்கித் தந்தவர். அன்று அவர் போட்டிருந்த சட்டை அதே சேற்றோடும், முழங்கையில் அதே ரத்தத்தோடும் கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கியது. சுற்றிலும் அவருடைய தலைக்கவசம், கிழிந்த கையுறை, ஆட்டம் முடிந்ததும் கணுக்காலிலிருந்து அறுத்தெறிந்த பட்டி. அறுத்தெறிந்ததைப் பொறுக்கியது யார் என்று லவோன் ஒருநாளும் கேட்டதில்லை.

“இடுப்பைக் கொஞ்சம் தூக்கு, மெர்ல்.”

“கண்ணாடிப் பெட்டில இடிச்சிராதே.”

“நான் உன்னைத்தான் தொடுறேன். உன் சாமியைத் தொடல.”

“ஈர விரிப்பை அந்தப் பக்கமா கொண்டு போ. அதுக்கு ஈரம் ஆகாது.”

“உனக்கு மட்டும் ஆகுமாக்கும்?”

மெர்ல் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரம் பிடித்தது.

துவைத்தால் செத்தது என்பது சேகரிப்பாளர்களின் முதல் கட்டளை. கல்யாணமான புதிதில் லவோன் விவரம் தெரியாமல் அந்தத் தலைக்கவசத்தை ஈரத்துணியால் ஒரு துடை துடைத்துவிட்டாள். மெர்ல் ஈஸ்டர் வரைக்கும் அவளோடு பேசவில்லை. அதன்பிறகு அவள் மெக்கஸ்லினின் அழுக்கை விட்டுவிட்டு, வீட்டிலுள்ள மற்ற எல்லா அழுக்கின்மீதும் பாய்ந்தாள்.

மதியம் டுவைட் ஃபெங்கர் வந்தார். மெக்கஸ்லின் ரசிகர் மன்றத்தின் தலைவர். ஒரு பொருள் அசலா போலியா என்று அவர் சொன்னால் நாலு மாவட்டத்துக்கு அதுதான் தீர்ப்பு. தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு படியிறங்கியவர், முதலில் கண்ணாடிப் பெட்டிமுன் நின்றார். பிறகு கட்டிலைப் பார்த்தார்.

“எப்படி இருக்கே, மெர்ல்?”

“நிறம் மங்கல இல்ல?”

“கொஞ்சம்கூட இல்ல.”

மெர்ல் கேட்டது சட்டையைப் பற்றி, டுவைட் பதில் சொன்னதும் சட்டையைப் பற்றித்தான்.

அவர் போன பிறகு மெர்லின் மூச்சு மாறியது. இழுத்து, நின்று, மறுபடி இழுத்தது. மகள் பெக்கி மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். மெர்ல் விரலை அசைத்து லவோனைக் கூப்பிட்டார். இத்தனை வருஷத்தில் அவர் அவளை இப்படி விரலால் கூப்பிட்டதே இல்லை. அவள் காதை அவர் வாயருகே கொண்டுபோனாள்.

“லவோன்…”

“சொல்லு மெர்ல். நான் இங்கதான் இருக்கேன்.”

“ஈரம் உறிஞ்சுற மிஷின்ல… தண்ணி ரொம்பிருச்சு. கொட்டிரு.”

அவள் கொட்டப் போனாள். காலி வாளியோடு திரும்பி வந்தபோது அவர் போய்விட்டிருந்தார்.

சவ அடக்கக்காரர்களின் வண்டி வர நேரமானது. லவோனின் கை சும்மா இருந்து பழகியதில்லை. விரிப்பையும் தலையணை உறையையும் துவைக்கும் மெஷினில் போட்டாள். பிறகு அவருடைய இரவுச் சட்டைகள், கம்பளிச் சட்டைகள், துண்டு, தொப்பி.

“அம்மா, கொஞ்சம் உக்காரேன்,” என்றாள் பெக்கி அழுது வீங்கிய முகத்தோடு.

“நாளைக்கு ஆளுங்க வருவாங்க. அழுக்கா போட்டு வெச்சா என்ன நெனைப்பாங்க?”

அவரைக் கொண்டுபோன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அலமாரியைத் திறந்து ஒரு கம்பளிச் சட்டையை எடுத்து முகத்தில் வைத்தாள். லாவெண்டர் சோப்பு. அடுத்ததும் லாவெண்டர். தொப்பி, துண்டு, செருப்பின் உள்பட்டைகூட. அவளைப் போல் துவைக்கத் தெரிந்தவள் அந்தத் தெருவில் கிடையாது. கூடப் படுத்தவரின் வாசனை ஒரு நூலிழையில்கூட மிஞ்சவில்லை. ஒருமுறைகூட நேரில் பார்த்திராத ஒரு ஆளின் அக்குள் வாடை மட்டும் கீழே கண்ணாடிக்குள் பத்திரமாக இருந்தது.

லவோன் தேட ஆரம்பித்தாள். கட்டிலடி, கார் இருக்கை, சாய்வு நாற்காலியின் இடுக்கு எல்லாம் பார்த்தாள். நாற்காலியில் முந்திரியும் ஒரு காசும் இருந்தன. கடைசியில், துணி காயவைக்கும் மெஷினுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டிக் கிடந்தது சாம்பல்நிற டி-ஷர்ட் ஒன்று. இழுத்தெடுத்து முகர்ந்தாள். வியர்வை, வெங்காயம், புல்வெட்டும் மெஷினின் பெட்ரோல். அங்கேயே தரையில் உட்கார்ந்துகொண்டு, அன்றைக்கு முதல்முறையாக அழுதாள். பிறகு எழுந்து, காற்றுப் புகாதபடி அதை ஒரு ரொட்டிப் பையில் போட்டு இறுக்கி முடிச்சுப் போட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

அடக்கம் நன்றாகவே நடந்தது. பாதிரியார் மெர்லைப் பற்றிச் சுருக்கமாகப் பேசினார். டுவைட் சேற்று ஆட்டத்தைப் பற்றி விரிவாகப் பேசினார். கடைசிப் பந்து காற்றில் போகும் இடத்தில் பின்வரிசையில் இருவர் மூக்கைச் சிந்தினார்கள். சர்ச்சின் கீழ்த்தளத்தில் ஹாமும் உருளைக்கிழங்கும் பரிமாறினார்கள். ஒரு மாதமாக பெக்கியோடு இந்த வீட்டிலேயே தங்கி எல்லா வேலையும் இழுத்துப்போட்டுச் செய்த மருமகன் கர்ட் அங்கேயும் நாற்காலி மடக்கினான்.

மெக்கஸ்லினின் சட்டை, ரசிகர் மன்றத்தின் காட்சி அறைக்குப் போகவேண்டும் என்பது மெர்லின் ஆசை. அதை எடுத்துப்போக டுவைட்டும் இரண்டு மன்றத்தாரும் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு வந்தார்கள். எடுக்குமுன் ஒரு சடங்கு உண்டு. ஆட்டத்தன்று எடுத்த புகைப்படத்தைப் பெரிதாக்கி வைத்து, ஒவ்வொரு கிழிசலையும் கறையையும் படத்தோடு ஒப்பிட வேண்டும். படமும் துணியும் பொருந்தினால்தான் அசல்.

“இடது தோள்ல தையல் விட்டிருக்கு. படத்துலயும் விட்டிருக்கு,” என்றார் டுவைட். “அவர் போட்டதுதான்.”

மெர்லைத் தூக்கியவர்கள் அவரை வாசற்படியில் ஒருமுறை இடித்தார்கள். சட்டையை யாரும் எங்கும் இடிக்கவில்லை.

பெட்டி காலியானது. லவோன் மாடிக்குப் போய் ரொட்டிப் பையோடு இறங்கி வந்தாள்.

“டுவைட், இதை உள்ள மாட்டணும்.”

“என்னது இது?”

“மெர்லோடது. துவைக்கல.”

சிரிக்காமலிருந்தது டுவைட்டின் பெருந்தன்மை. “துவைக்கவே இல்லையா?” என்று மரியாதையாகக் கேட்டார். “ஆதாரம் ஏதாவது இருக்கா?”

“நாப்பது வருஷத்துக்கு மேல அந்த ஆளோட படுத்திருக்கேன். எனக்கு மூக்கு இருக்கு.”

“மூக்கையெல்லாம் மன்றம் ஏத்துக்காது, லவோன். இருந்தாலும் மெர்லுக்காகப் பாக்குறேன். சமீபத்துல எடுத்த போட்டோ இருக்கா?”

அவளுக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது. மெக்கஸ்லினுக்குச் செய்ததை மெர்லுக்கும் செய்யப்போகிறார்கள். பெக்கியின் போனை வாங்கிக் கொடுத்தாள். டுவைட் டி-ஷர்ட்டை மேஜையில் விரித்து, பூதக்கண்ணாடியோடு குனிந்தார். ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டே வந்து ஒன்றில் நின்றார். விரலால் அகட்டிப் பெரிதாக்கினார்.

“பொருந்துது!” தொழில் தெரிந்தவனின் குதூகலம் அவர் குரலில். “கழுத்துப்பட்டிக்குக் கீழ ரெண்டு ஓட்டை, இதோ. வயித்துல கடுகுச் சாஸ் கறை, இதோ. இவ்வளவு துல்லியமா அமையுறது அபூர்வம், லவோன்.”

பிறகுதான் அவர் கழுத்துக்கு மேலே பார்த்தார்.

பூதக்கண்ணாடியை மெதுவாக மேஜையில் வைத்தார். மன்றத்தார் இருவரும் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். ஈரம் உறிஞ்சும் மெஷின் தன்பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது. லவோன் போனைத் தன் பக்கம் திருப்பினாள்.

கொல்லைப்புறத்தில், அடுப்பில் சாஸேஜைப் புரட்டியபடி, கட்டைவிரலை உயர்த்திச் சிரித்துக்கொண்டிருந்தான் கர்ட்.

சாவு விழுந்த ராத்திரியிலிருந்து அவள் அந்த டி-ஷர்ட்டைப் பையிலிருந்து எடுத்து முகத்தின்மேல் போட்டுக்கொண்டுதான் தூங்கியிருந்தாள்.