முதுகைத் தள்ளும் கை

அந்த ஊர் ஏற்றத்தில் சைக்கிள் மிதிப்பவர்களின் முதுகில் வந்து தள்ளுகிற கை பஞ்சர் அக்காவுடையதுதான் என்பதிலும், அது தள்ளுகிற நேரத்தில் அக்கா ஏற்றத்தின் அடியில் தன் கடையில் உட்கார்ந்து தேநீர் ஆற்றிக்கொண்டிருப்பாள் என்பதிலும் ஊரில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அடையாளம் சட்டையிலேயே இருந்தது. உச்சிக்குப் போய் இறங்கிப் பார்த்தால் முதுகின் நடுவில் கறுப்பு கிரீஸில் ஒரு வலது கை பதிந்திருக்கும். நான்கு விரல் முழுசாக, மோதிர விரல் பாதி. மீதிப் பாதியை அக்கா கல்யாணமாகி வந்த வருஷம் ஒரு சைக்கிள் செயின் வாங்கிக்கொண்டது. அந்தக் கறை எந்த சோப்புக்கும் போகாது என்பதால் வெளியூர்க்காரர்கள் சிலர் முணுமுணுத்தார்கள். உள்ளூர்க்காரர்கள் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டார்கள்.

கடலுக்கும் பாறைக்கும் நடுவே, எப்போது விழுவேனோ என்பதுபோல் ஓடிய சாலை அது. வடக்கே கோட்டை இருந்த ஊர், தெற்கே கலங்கரை விளக்கம் இருந்த ஊர். இரண்டு ஊருக்கும் வரலாறு தாராளமாக இருந்தது. முற்றுகை, தீ, நாடு கடத்தப்பட்ட ராணி, எல்லாவற்றுக்கும் கல்வெட்டு. நடுவில், சாலை கீழே குதித்து மறுபடி மேலே ஏறுகிற பள்ளத்தில் இருந்த அக்காவின் ஊருக்கு வரலாறே இல்லை. வரலாற்றைப் பார்க்கப் போனவர்களின் டியூபை ஒட்டிக் கொடுத்ததுதான் அது செய்த ஒரே காரியம். ஆனால் ஒரு வழக்கம் இருந்தது. யாராவது ஏற்றத்தில் திணறினால், வாசலில் இருப்பவர் எழுந்து போய் முதுகில் கை வைத்துத் தள்ள வேண்டும். வைத்த கையை உச்சி வரை எடுக்கக் கூடாது. தள்ளப்படுகிறவன் வாங்கிய கடனை மறந்தவனாக இருந்தாலும் சரி. முக்கியமானது இன்னொன்று: தள்ளினவர் அதைப் பற்றி அப்புறம் வாய் திறக்கக் கூடாது. அக்காவின் கடை அடிவாரத்தில் இருந்ததால் அவள்தான் அதிகம் தள்ளினாள். ஒரு மழைக்காலத்தில் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டு மாவுக்கட்டோடு கடையில் உட்கார்ந்தபோது, உச்சியிலிருந்து ஆட்கள் எப்போதும்போல முதுகில் கறையோடு நன்றி சொல்லிக் கை ஆட்டினார்கள். அக்கா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கை லேசாக வியர்த்திருந்தது. "உனக்கு கால் போனாலும் கை சும்மா இருக்காதே" என்று அவளுடைய நாத்தனார் சொன்னதோடு விஷயம் முடிந்தது. அந்த வருஷம் ரப்பர் விலை ஏறியதைப் பற்றித்தான் ஊர் நிறையப் பேசியது.

கோப்பை என்று ஊர் அழைத்த மனிதர் கோட்டை ஊர்க்காரர். இளமையில் கரையோர சைக்கிள் பந்தயத்தில், அந்த ஏற்றத்தைக் கால் ஊன்றாமல் ஏறிய ஒரே ஆள் என்று பெயர் வாங்கி, வெள்ளிக் கோப்பை ஜெயித்தவர். அந்தக் கோப்பையை வைத்தே நகரசபைக்குப் போனார், பெண் எடுத்தார், கடைசியில் 'மரபுநகர் மிதிவண்டிப் பாதைக் குழு'வுக்குத் தலைவரானார். சைக்கிள் என்ற சொல்லை அவர் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஜெயித்த அன்று போட்ட வெள்ளை பனியனை அலுவலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் மாட்டி, முன்பக்கம் மட்டும் தெரிகிற மாதிரி நான்கு மூலையிலும் ஆணி அடித்திருந்தார். பின்பக்கம் என்ன இருந்தது என்பது அவருக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும், அன்றைக்கு வாசலில் நின்ற பாதி ஊருக்குத் தெரியும். வழக்கத்தை மதித்து ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆனால் காரில் அந்தத் தெருவைக் கடக்கும்போதெல்லாம் ஜனங்கள் தன் முகத்தைப் பார்க்காமல் முதுகைப் பார்க்கிறார்கள் என்று கோப்பைக்குத் தோன்றும். காரில் போகிறவரின் முதுகை எப்படிப் பார்ப்பது என்று யாராவது அவருக்கு எடுத்துச் சொல்லியிருக்கலாம்.

குழு தீர்மானம் போட்டது. கோட்டையிலிருந்து கலங்கரை விளக்கம் வரை உலகத் தரத்தில் மிதிவண்டிப் பாதை; நடுவில் வரலாறு இல்லாத பள்ளத்தைத் தவிர்க்க மேலாக ஒரு பாலம்; பழைய சாலை இரண்டு முனையிலும் அடைக்கப்படும். அடைத்துவிட்டால் அந்த ஊருக்குள் ஒரு சக்கரம் வராது. சக்கரம் வராவிட்டால் அக்காவின் கடை என்ன, தெருவே ஆறு மாதத்தில் மூட்டை கட்டிவிடும். இதைத் தெளிவாக விளக்குவதற்குக் கோப்பையே நேரில் வந்தார். கூடவே ஒரு யோசனையும் கொண்டுவந்தார்.

"அம்மா, உங்க கை இந்த வட்டாரத்துக்கே ஒரு சொத்து. அதைப் பாலத்துக்கு மாத்திக் குடுத்திடுங்க. உங்களுக்கு சீருடை, நிழற்குடை, 'மரபுக் கரம்'னு ஒரு பட்டம். ஆனா கிரீஸ் மட்டும் கூடாது. கையுறை தருவோம்."

அக்கா வாளித் தண்ணீரில் டியூபை அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"பட்டம் எதுக்குங்க, இங்க கரண்டு கம்பி ஜாஸ்தி, மாட்டிக்கும். ரோட்ட விடுங்க, போதும்."

"முன்னேற்றத்தை யாரும் கை வச்சு நிறுத்த முடியாதும்மா."

"நிறுத்தி நான் பார்த்ததில்ல. தள்ளித்தான் பழக்கம்" என்றாள் அக்கா. நாத்தனார் உள்ளேயிருந்து சிரித்த சிரிப்பில் வாளித் தண்ணீர் அதிர்ந்தது. கோப்பை சுவரோடு முதுகை ஒட்டினாற்போலவே நகர்ந்து போய்க் காரில் ஏறினார்.

பாலம் எழுந்தது. பழைய சாலை பிரிகிற வடக்கு முனையில் ஊர் கண்ணில் படாதிருக்க ஒரு நெடிய பலகைச் சுவர் வைத்து, அதில் கடலை வரையச் சொன்னார்கள். கடல் அந்தச் சுவருக்கு இடப்புறத்தில், சும்மாவே, நாள் முழுக்கத் தெரிந்தது. இருந்தாலும் வரைந்த கடல் அமைதியாக இருந்தது என்று குழு அறிக்கை திருப்தி தெரிவித்தது. சுவரின் ஊர்ப்பக்கம் வெறும் பலகைதான். தெற்கு முனையில் ஒரு கேட் வைத்துப் பூட்டுப் போட்ட மறுநாள் காலையில் அக்கா ஒரு சுத்தியலோடு மேடேறிப் போய் அந்தப் பலகையில் ஆணி அடித்து ஒரு பழைய டயரை மாட்டினாள். தன் கடை திறந்திருக்கிறது என்பதற்கு அந்தக் கரையில் அதுதான் அடையாளம். காவலாளி கழற்றினான், அவள் மாட்டினாள். கழற்றிக் கழற்றி அலுத்துப்போன காவலாளி கடைசியில் அவளிடமே ஆணி கடன் வாங்கித் தன் குடையை அதன் பக்கத்தில் மாட்டிக்கொண்டான்.

"யாரு பார்க்கப் போறாங்கன்னு மாட்டுறே அண்ணி? மறுபக்கம் கடல்ல வரைஞ்ச மீனா?" என்றாள் நாத்தனார்.

"மீனுக்குப் பஞ்சராகாது. நான் மனுஷனுக்குத்தான் மாட்டுறேன்."

அக்கா விடிந்ததும் கடையைத் திறந்தாள், இருட்டியதும் மூடினாள். படகில் வேலை பார்த்த கணவன் லீவில் வந்தபோது, வேறு ஊர் பார்க்கலாமா என்று மெல்லக் கேட்டுவிட்டு, அவள் ஸ்பேனரை எடுத்த விதத்தைப் பார்த்துப் பேச்சை மாற்றினான். வேலையில்லாத கைதான் அவளைப் படுத்தியது. உள்ளங்கை ஊறியது, மரத்தது, சமயத்தில் தன்பாட்டுக்கு மேசையை நகர்த்தியது.

பாதை திறப்பு விழா அன்று மந்திரி வந்தார், வாத்தியம் வந்தது. கோப்பை கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, சோப்புக்குப் போகாத கறையை ரசாயனத்தில் வெளுக்கப் போட்டுப் போட்டு ஒருவழியாக நீக்கிய அந்தப் பழைய பனியனையே மூச்சைப் பிடித்து அணிந்துகொண்டார். பின்னால் வண்ண வண்ண இறுக்க உடுப்பில் ஒரு பெருங்கூட்டம். பாலத்தின் நடுப்பகுதி வரை எல்லாம் பிரமாதம். கீழே கடையில் அக்கா, யாரும் கொண்டுவராத, தன் சொந்த சைக்கிளின் சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தாள். தலைக்குமேல் அத்தனை சக்கரமும் தன் ஊரைத் தாண்டிப் போகிற சத்தம் கேட்டது. அவள் நிறுத்தி, வலது கையைப் பார்த்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். பாதி விரலையும் மடக்கி இறுக்கினாள்.

பாலத்தில் எல்லோரும் மிதித்துக்கொண்டுதான் இருந்தார்கள். பெடல் முன்னால் சுற்றியது, சைக்கிள் பின்னால் போனது. பதற்றப்படும்படியான வேகம் ஒன்றுமில்லை. கண்காட்சியில் ராட்டினம் சுற்றுகிற வேகம்தான். முன்வரிசையில் இருந்ததால் தான் இன்னும் முன்னணியில் இருப்பதாகவே கோப்பை கொஞ்ச நேரம் நம்பினார். குழுவின் செயலாளர் மட்டும் காரணம் புரிந்து, பலகைச் சுவரின் சந்து வழியாக நுழைந்து, இரைக்க இரைக்கக் கடைக்கு ஓடிவந்தார்.

"அக்கா, கையைத் திறங்க! மந்திரி பார்த்துட்டிருக்காரு!"

"ரோட்டத் திறங்க."

"அது குழு கூடித் தீர்மானம் போடணும்க்கா!"

"குழுதான் கூட்டமா வந்துட்டிருக்கே" என்று அக்கா மேட்டைக் காட்டினாள்.

வந்துகொண்டுதான் இருந்தார்கள். வரைந்த கடலைக் கிழித்துக்கொண்டு, பின்சக்கரம் பின்சக்கரமாக. ஒப்பந்தக்காரர் பலகையின் தடிமனில் காட்டியிருந்த சிக்கனத்தால் ஒருவருக்கும் காயமில்லை. தெருவின் இருபுறமும் ஜனங்கள் வாசலுக்கு வந்து நிற்க, அத்தனை பேரும் இறக்கத்தில் பின்னோக்கி வழிந்து, கடை முன்னால் தேங்கி நின்றார்கள். கடைசியாகக் கோப்பையின் முதுகு வந்தது. அப்புறம் கோப்பை வந்தார். திரும்பி மேடேறிப் போகலாமென்று பார்த்தார்; விழா பார்க்க வந்த கூட்டம் பின்னாலேயே இறங்கி வந்து அந்தப் பக்கத்தை அடைத்திருந்தது. எதிரே தெற்கு ஏற்றம் ஒன்றுதான் வழி, அதன் உச்சியில் பூட்டிய கேட். பெருமையாக நாலு மிதி மிதித்தார். ஐந்தாவதில் சைக்கிள் நின்று சாய்ந்தது. கால் ஊன்றினார். அந்த ஏற்றத்தில் அவர் கால் ஊன்றியதை ஊர் ஒரு சத்தமும் இல்லாமல் பார்த்தது. சத்தமாகச் சிரித்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"என்ன தலைவரே, போன தடவை காத்து பின்னாலேர்ந்து அடிச்சுதோ?" என்றாள் நாத்தனார். வழக்கத்தை மீறாமல் கேட்கக்கூடிய கேள்வி அது ஒன்றுதான்.

கோப்பை சாய்ந்த சைக்கிளை நிமிர்த்திப் பிடித்தார். பிறகு செயலாளரிடம், கேட்டின் சாவியை மேலே இருப்பவனிடம் கொடுத்துத் திறந்துவிடச் சொல்லு, திறந்தது திறந்தபடியே இருக்கட்டும் என்றார். அப்புறம் கடைப்பக்கம் திரும்பினார்.

"அக்கா... கொஞ்சம் கை குடுங்க. சைக்கிள் ஏற மாட்டேங்குது."

சைக்கிள் என்றுதான் சொன்னார். தெருவே கேட்டது.

அக்கா சக்கரத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "எனக்கு வேலை கிடக்கு. நீங்க மிதிங்க, அது தானா வரும்" என்று சொல்லி விரல்களை விரித்தாள். கோப்பை மிதித்தார். கடையிலிருந்து அவள் எழுந்திருக்கவில்லை. உச்சியை அவர் அடைந்தபோது வெள்ளைப் பனியனின் முதுகில், முன்பு இருந்த அதே இடத்தில், கை பதிந்திருந்தது. நான்கு விரல் முழுசு, ஒன்று பாதி. வாத்தியக்காரர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவர்களாகவே வாசிக்க ஆரம்பித்தார்கள்.

இப்போது குழுவின் வரைபடத்தில் பாதை ஊருக்குள்ளேயே போகிறது. ஊரின் பெயருக்குக் கீழே வரலாறு என்ற இடம் காலியாக விடப்பட்டிருக்கிறது. ஊரார் அதை நிரப்ப விரும்பவில்லை. பனியன் பழைய பெட்டிக்குப் போய்விட்டது, ஆணிகள் அப்படியேதான் இருக்கின்றன. அக்கா கையைத் திறந்த பிறகும் பாலம் பழக்கத்தை விடவில்லை. அதில் ஏறுகிறவர்கள் இன்றும் பின்னோக்கித்தான் போகிறார்கள். காட்சி நன்றாக இருக்கிறது, கழுத்துதான் வலிக்கிறது என்கிறார்கள். அவர்களுக்காக அக்கா கடையில் ஹேண்டில்பாரில் மாட்டுகிற கண்ணாடி வாங்கி வைத்திருக்கிறாள். இடது பக்கக் கண்ணாடி தீர்ந்துவிட்டது, வலது பக்கம் மட்டும் இருப்பில் இருக்கிறது.