கடைசிக் கூடை

எங்கள் பிரிவில் தைத்து முடித்த சட்டைகளின் பிசிறை வெட்டுவோம். காலர், கைமுனை, பொத்தான் ஓட்டை, அடிமடிப்பு என்று வரிசையாகப் பார்த்து, நீட்டிக்கொண்டிருக்கும் நூலைச் சிறு கத்தரியால் நறுக்கிவிட்டுச் சட்டையைக் கூடையில் போட வேண்டும். ஆளுக்கொரு கூடை. சாயங்காலம் கூடைகளை எண்ணுவார்கள்.

எண்ண வருவதற்குச் சற்று முன்னால் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கை வேகமானவர்கள் தங்கள் கூடையிலிருந்து சில சட்டைகளைப் பக்கத்துக் கூடைக்குத் தள்ளுவார்கள். அவர்கள் அதற்கடுத்த கூடைக்கு. இதற்குச் 'சாய்ப்பது' என்று பெயர். யார் ஆரம்பித்தது என்று தெரியாது. காய்ச்சலோடு வந்தவள், குழந்தை தூங்கவிடாதவள், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவள் என்று எல்லோருக்கும் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் சாய்த்திருக்கிறோம். யாராவது நன்றி சொல்ல வாயெடுத்தால், "அத நீயே வச்சுக்க, மொதல்ல என் கத்தரியக் குடு" என்பாள் எங்கள் வாயாடி.

முதல் மேசையில் இருந்தவள் சிட்டு. அவள் கை பறக்கும், அதனால் அந்தப் பெயர். தினமும் அதிகமாகச் சாய்த்தவளும் அவள்தான். சாய்த்த சட்டைகள் கடைசியில் எங்கே போய்ச் சேர்கின்றன என்று அவள் திரும்பிப் பார்த்ததில்லை.

அவை அண்ணியின் கூடைக்குப் போய்க்கொண்டிருந்தன. அண்ணி, சிட்டுவின் சொந்த அண்ணன் மனைவி. சிட்டு கூப்பிடுவதைக் கேட்டு எங்களுக்கும் அவர் அண்ணியாகிவிட்டார். அண்ணனின் கடை மூடிப்போனபோது சிட்டுதான் மேலே பேசி அவரை வேலைக்குச் சேர்த்துவிட்டாள். கடைசி மேசையில் எனக்குப் பக்கத்து இடம் அவருடையது. கொஞ்ச காலமாக அவருடைய விரல் கணுக்கள் வீங்கி இறுகிக்கொண்டே வந்தன. கத்தரியை விரலால் பிடிக்க முடியாமல் உள்ளங்கையால் அழுத்தி வெட்டுவார்.

"சிட்டுகிட்ட மூச்சு விட்டுடாதீங்கடி" என்று எங்களிடம் கேட்டுக்கொண்டார். "சிபாரிசு பண்ணி உள்ள விட்டவ. அவளுக்குத் தலைகுனிவாயிடும்."

நாங்கள் மூச்சு விடவில்லை.

சிட்டுவை எங்கள் பிரிவுக்கு சூப்பர்வைசர் ஆக்கினார்கள். பயிற்சிக்கென்று மாடியில் உட்காரவைத்து, தலைமை என்றால் என்ன, முன்னேறுவது எப்படி என்று பாடம் நடத்தினார்கள். கீழே இறங்கி வந்தவளின் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். மேசைகளை விட்டு எங்களை ஒன்றாக நிற்கச் சொன்னாள்.

"இத்தன வருஷமா எல்லார் கூடையும் ஒரே கணக்கு. யாரு நல்லா செய்யறாங்கன்னு மேல யாருக்குமே தெரியாது. இனிமே ஒவ்வொரு சட்டையிலயும் அவங்கவங்க நம்பர் ஸ்டிக்கர ஒட்டணும். உழைச்சவங்க பேரு மேல போகணும். என் பொண்ணுங்க யாரும் முகம் தெரியாம இங்கேயே கெடந்து தேயக் கூடாது."

மனதாரத்தான் சொன்னாள். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் சாய்க்க முடியாது என்பது எங்கள் எல்லோருக்கும் அந்த நிமிஷமே புரிந்தது. சொல்லியிருக்கலாம். சொன்னால் யாருக்காக என்று கேட்பாள். அண்ணிக்குக் கொடுத்த வாக்கு தடுத்தது. அண்ணியே முதலில் கை தட்டினார். சத்தமே வரவில்லை.

"என்னடி எல்லாரும் எழவு வீட்ல நிக்கற மாதிரி நிக்கறீங்க, தட்டுங்கடி" என்றாள் வாயாடி. தட்டினோம்.

முதல் வாரமே அண்ணியின் கூடை பாதிகூட நிறையவில்லை. சிட்டுவுக்குக் கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம். சொந்தக்காரி என்று செல்லம் கொடுப்பதாக ஊர் பேசுமே என்ற பயம். தலைவருக்கு ஆள் பாகுபாடு கூடாது என்று மாடியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எல்லோரும் இருக்கும்போதே கடைசி மேசைக்கு வந்தாள்.

"சொந்தம்னு சும்மா விட்டுடுவேன்னு நெனைக்காதீங்க அண்ணி. மத்தவங்களுக்கு இருக்கற கைதானே உங்களுக்கும் இருக்கு?"

அண்ணி கைகளை மேசைக்கு அடியில் இறக்கிக்கொண்டார். "நாளைக்குப் பாத்துடறேன்மா" என்றார்.

வாயாடி எழுந்தாள். அண்ணி பார்த்த பார்வையில் மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

மாடியில் சிட்டுவுக்கு நல்ல பெயர். மற்ற பிரிவுகளுக்கும் ஸ்டிக்கர் முறை போகப்போகிறது என்று மேனேஜர் கூட்டத்தில் சொன்னார். அதே மாதம் ஆர்டர் குறைந்தது. பிரிவுக்கு ஒருவரைக் குறைக்கச் சொன்னார்கள். யாரை என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை, ஸ்டிக்கர் சொல்லிவிட்டது.

சேதியை யாரோ சொல்லி அண்ணிக்குத் தெரிவதைவிடத் தானே சொல்வதுதான் முறை என்று சிட்டு சாப்பாட்டு நேரத்தில் வந்தாள். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். குறைந்த எண்ணிக்கையை எட்டிப் பிடிக்க அண்ணி சாப்பிடப் போகாமல் உட்கார்ந்துவிட்டார், துணைக்கு நானும். அண்ணி அவள் வந்ததைக் கவனிக்கவில்லை. அட்டையிலிருந்து ஸ்டிக்கரை உரித்துக்கொண்டிருந்தார். நகம் ஓரத்தைப் பிடிக்கவில்லை. இன்னொரு விரலால் முயன்றார். பிறகு அட்டையை வாயருகே கொண்டுபோய்ப் பல்லால் கிள்ளி எடுத்து, நாக்கில் ஒட்டியதை உள்ளங்கையால் சட்டையில் தேய்த்தார். ஒரு சட்டைக்குப் பிசிறு வெட்ட ஆன நேரத்தைவிட இதற்குத்தான் அதிகம் ஆனது.

சிட்டு அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். என் பக்கம் திரும்பினாள்.

"உனக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும்" என்றேன்.

அவள் ஓடிய வேகத்தில் மாடிப்படி அதிர்ந்தது. ஸ்டிக்கரை நிறுத்திவிடலாம் என்று கேட்டாளாம். "உங்க யோசனைதானேம்மா, இவ்வளவு நல்லா போய்ட்டிருக்கு, இப்ப ஏன் பின்வாங்கறீங்க?" என்றாராம் மேனேஜர். அண்ணிக்குப் பதில் தன்னை அனுப்பச் சொன்னாளாம். "நீங்க போனாலும் அவங்க போகத்தான் போறாங்க. ரெண்டு பேரா போவீங்க, அவ்வளவுதான்" என்றாராம். கோபமாகக்கூடச் சொல்லவில்லையாம், தண்ணீர் குடிக்கச் சொல்லி டம்ளரை நகர்த்திவைத்தாராம்.

அண்ணிக்கு வேலை போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை சிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். தனியாகப் போகத் தைரியமில்லை. அண்ணன் வேலை தேடி வெளியே போயிருந்தார். அண்ணி இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் டம்ளரை இடுக்கிக்கொண்டு வந்து தண்ணீர் கொடுத்தார். இனி ஒளிக்க ஒன்றுமில்லை என்பதுபோல் கைகளை மடியில் விரித்து வைத்துக்கொண்டார்.

"நான் வேலைய விட்டுடறேன் அண்ணி."

"விட்டா எனக்குத் திரும்பக் கெடைக்குமா?"

"கெடைக்காது."

"அப்புறம் எதுக்கு? உன் பிள்ளைங்க சாப்பிட வேணாமா?"

பிறகு அண்ணியே கேட்டார்.

"இப்ப கணக்குல யாரு கடைசி?"

சிட்டு பெயரைச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும்.

"யாரா இருந்தாலும் சரி. அவள தனியா கூப்பிட்டு என்ன கஷ்டம்னு கேளு. என்கிட்ட கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேனான்னு தெரியல. மறைச்சாலும் மறைச்சிருப்பேன்." அண்ணி நிறுத்தினார். "ஆனா நீ கேக்கவே இல்லையேம்மா."

சிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணி தேற்றவில்லை. எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு தைல பாட்டிலை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தார்.

"இதக் கொஞ்சம் தொறந்து குடு."

சிட்டு கண்ணைத் துடைத்துக்கொண்டு மூடியைத் திருகினாள். அண்ணி தேய்த்து முடித்ததும் மூட எடுத்தாள்.

"இறுக்கி மூடிடாத" என்றார் அண்ணி. "பகல்ல வீட்ல யாரும் இருக்க மாட்டாங்க."