வாரியத்துக்கு ஒரு விளக்கம்

தாலுகா ஆபீசுக்கு எதிரே என் டைப்ரைட்டர் முன்னால் சிவசங்கர் வந்து உட்கார்ந்தபோது, உளுந்தூர்பேட்டை ரோட்டில் புளியமரங்களை வெட்டிப் போட்டு இரண்டு நாளாகியிருந்தது. இடஒதுக்கீட்டுப் போராட்டம், பஸ் இல்லை. நைனார்பாளையத்தில் அம்மாவைப் பார்க்க வந்து மாட்டிக்கொண்டவர். நாளை மறுநாள் காலை பத்து மணிக்கு, எழுத்து விளக்கத்தோடு சென்னையில் வாரியத்தின் முன் நிற்காவிட்டால் லைசென்ஸ் போய்விடும்.

"இன்னா லைசென்ஸுங்க, லாரியா?" என்றார் டீ கொண்டுவந்த ராஜாங்கம்.

"கப்பலுங்க. துறைமுகத்துல பைலட்டு."

"நம்ம ஏரியிலயே தண்ணி கம்மி. எங்க ஓட்டிப் பழகினீங்க?"

சிவசங்கர் சிரித்துவிட்டார். எந்த நாட்டுக் கப்பலானாலும் துறைமுகத்துக்குள் அவர் சொல்படிதான் திரும்ப வேண்டுமாம். லைசென்ஸ் கொடுக்குமுன் துறைமுக வாரியம் ஒரு வெள்ளைத்தாளை நீட்டி, தண்ணீருக்கடியில் உள்ள ஆழம், பாறை, மணல்மேடு அத்தனையும் நினைவிலிருந்து வரையச் சொல்லுமாம். கொடுத்த பிறகும் விடாது. கண் பரிசோதனை, சின்ன உரசலுக்கும் விசாரணை. கண்ணுக்குத் தெரியாத தரையை மனதில் வைத்திருக்கும் மனிதரை அன்றுதான் பார்த்தேன்.

போன மாதம் அவர் கொண்டுவந்த கப்பல், சரக்கு இறக்கும் தளத்தின் சுவரில் இடித்துவிட்டது. கேட்டுக்கொண்டே, இருபது வருஷப் பழக்கத்தில் என் கை அடித்துவிட்டது: அறியாமல் நேர்ந்த பிழை, கருணைகூர்ந்து மன்னிக்க வேண்டும். பட்டாவிலிருந்து சஸ்பென்ஷன் வரை எத்தனையோ பேரைக் காப்பாற்றிய வரி.

அவர் தாளை உருவிவிட்டார். "அண்ணே, இத்தக் குடுத்தா அங்கியே லைசென்ஸ் காலி. தெரியாம இடிச்சவன நம்பி எவன் கப்பலக் குடுப்பான்?"

"பின்ன இன்னா எழுதறது?"

"காத்து திரும்பினது எனக்குத் தெரியும். இன்னொரு இழுவைப் படகு கேட்டிருக்கணும், கேக்கல. ஏழு நிமிஷம் பொறுத்திருக்கலாம், பொறுக்கல. அத்த எழுதுங்க."

"உண்மையச் சொன்னா புடுங்கிக்க மாட்டாங்களா?"

"புடுங்கினாலும் புடுங்குவாங்க."

கண்ணை மூடிக்கொண்டு நிமிஷம் நிமிஷமாகச் சொன்னார். அவர் வலது கை என் மேசைமேல் கப்பலைப் போல மெல்லத் திரும்பி வந்தது. என்னை அறியாமல் டீ கிளாசை நகர்த்தி வழிவிட்டேன். மேசை விளிம்பில் கை நின்றது.

கையெழுத்துப் போட்டுச் சட்டைப்பையில் வைத்தார். விழுப்புரம் போனால் ரயில் ஓடுகிறதோ என்னவோ. என் சைக்கிளைக் கொடுத்து ஊர் எல்லை வரை கூடவே நடந்தேன். ரோட்டின் குறுக்கே கிடந்த புளியமரத்தருகே சைக்கிளைத் தோளுக்குத் தூக்கினார். மறுபக்கம் காவலிருந்த போராட்டக்காரர்களில் ஒருவர் எழுந்து, ஒன்றும் கேட்காமல், முன்சக்கரத்தைப் பிடித்து வாங்கினார்.