கணக்கு சாரும் கணக்கு மிஸ்ஸும்

ஒரே பள்ளியில் ஒரே பாடம் நடத்தும் கணவன் மனைவியைப் பார்த்தால் மற்றவர்களுக்குப் பொறாமை வரும் என்பார்கள். எங்கள் விஷயத்தில் யாருக்கும் அந்தச் சிரமம் இல்லை. அந்த வேலையை நான் ஒருவனே பார்த்துக்கொள்கிறேன்.

பத்தாம் வகுப்புக் கணக்கு ஒன்பது வருடங்களாக என் கையில். என் மனைவிக்கு எட்டாம் வகுப்பு. போன வாரம் தலைமையாசிரியை, பாடம் புரிய எது உதவுகிறது, எது தடுக்கிறது என்று மாணவர்களையே சீட்டில் எழுதச் சொன்னார். பெயர் வேண்டாமாம். அதைப் பார்த்துத்தான் அடுத்த வருடம் யாருக்கு எந்த வகுப்பு என்று முடிவு செய்யப்போகிறாராம். பிள்ளைகளைக் கேட்டா வகுப்பைப் பிரிப்பார்கள் என்று ஆசிரியர் அறையில் நான் அடித்த கிண்டலுக்கு எல்லோரும் சிரித்தார்கள், என் மனைவியைத் தவிர.

எங்களிடம் படிக்கக் கொடுத்த சீட்டுகள் இரண்டு உறைகளில் வீட்டுக்கு வந்தன. அவள் காய்ந்த துணியை எடுக்க மொட்டை மாடிக்குப் போன நேரம் பார்த்து, என்னுடையதை விட்டுவிட்டு அவளுடைய உறையைப் பிரித்தேன். "மிஸ் கேள்வி கேட்டுட்டு ஜன்னல் பக்கம் போய் நிப்பாங்க. யோசிக்க நேரம் கிடைக்கும்." "தப்பா சொன்னா திட்ட மாட்டாங்க. எப்படி யோசிச்சேன்னு கேப்பாங்க." நாற்பது சீட்டிலும் இதே புராணம். எனக்கு வயிறு எரிந்தது. ஜன்னலில் வேடிக்கை பார்ப்பதற்குப் பெயர் பாடமா? அந்த நேரத்தில் நான் இரண்டு கணக்கு முடித்திருப்பேன்.

பிறகு என் உறையைப் பிரித்தேன். கரும்பலகையில் என் எழுத்து அழகாம். ஆனால் பத்துப் பன்னிரண்டு பேர் சொல்லிவைத்தாற்போல், "சார் கேள்வி கேப்பார், அவரே பதிலும் சொல்லிடுவார்" என்று எழுதியிருந்தார்கள். ஒரு சீட்டில் மட்டும் இன்னொரு வரி: "அதனால கை தூக்குறதையே விட்டுட்டேன்."

பெயர் இல்லாவிட்டால் என்ன? ஒரு வருடமாக நோட்டு திருத்துகிறேன். அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியாதா? முதல் பெஞ்சில் உட்காரும் பெண். வகுப்பில் வாயே திறப்பதில்லை என்று அவள் அம்மாவிடம் நானே புகார் சொல்லியிருக்கிறேன்.

மனைவி கூடை நிறையத் துணியோடு உள்ளே வந்தாள். பிரித்த இரண்டு உறைகளையும் பார்த்தாள். நான் அந்தச் சீட்டை நீட்டினேன்.

"இது நிஜமா? சும்மா எழுதணுமேன்னு எழுதியிருக்கும். பசங்கதானே."

"இப்பவும் என்னைக் கேட்டுட்டு நீங்களே சொல்லிட்டீங்க," என்றாள்.

அவள் துணி மடிக்க உட்கார்ந்தாள். எதைக் கேட்கக் கூடாது என்று வாரம் முழுக்க அடக்கிவைத்திருந்தேனோ, அதைக் கேட்டேவிட்டேன்.

"பத்தாம் வகுப்பை உனக்குக் கொடுத்தா வாங்கிப்பியா?"

'வேண்டாம்னுதான் சொல்லுவே, எனக்குத் தெரியும்' என்பது நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன். அவள் ஒரு சட்டையை மடித்தாள். இன்னொன்றையும் மடித்தாள். இவ்வளவு நேரம் நான் யாருக்காகவும் வாயை மூடிக்கொண்டிருந்ததில்லை.

"வாங்கிப்பேன்," என்றாள். "ரொம்ப வருஷமா ஆசை. நீங்க கேட்டதே இல்ல."